அரத்தில் தொடங்கிய பாடம்

"வேலைக்கு ஆள் இல்லை" என்று தொழிற்சாலைகள் முறையிடுகின்றன. "ஆளுக்கு வேலை இல்லை" என்று வீடுகள் முறையிடுகின்றன. இவ்விரண்டு முறையீடுகளையும் ஒரே நாளில், ஒரே தெருவில் கேட்கும் வாய்ப்பு, பிழைப்பை முன்னிட்டுத் தாயகத்தை விட்டு வெளியே வந்து வாழும் நம் போன்றவர்களுக்கு மிகுதியாகவே உண்டு. பெங்களூரின் பீனியாவாகட்டும், புனேயை அடுத்த சாகன் ஆகட்டும், தொழிற்சாலை வாயிலில் 'ஆட்கள் தேவை' என்ற பலகை தொங்குகிறது. எதிரே உள்ள தேநீர்க் கடையில் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். வாயிலுக்கும் கடைக்கும் இடையே இருபது அடி தூரம் இருக்கலாம். அந்த இருபது அடியைக் கடப்பதற்கு நம் நாட்டில் எவ்வளவு காலம் பிடித்தது, எப்படிக் கடந்தார்கள் என்பதே இப்பொழுது நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இது இன்று முளைத்த குறை அன்று. யந்திரத் தொழில் நம் நாட்டில் காலடி வைத்த அன்றே இக்குறையும் கூடவே வந்து இறங்கியது. பீகாரில் உள்ள ஜமால்பூரில் 1862-ஆம் ஆண்டு கிழக்கிந்திய ரயில்வே கம்பெனியார் ஒரு பட்டறையை நிறுவினர். அருகில் உள்ள மூங்கேர் நகரம் இரும்பு வேலைக்கும் துப்பாக்கி செய்வதற்கும் பேர்போனது. பரம்பரைக் கொல்லர்கள் பக்கத்திலேயே கிடைப்பார்கள் என்பதும் அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் என்பர். கை இங்கேயே இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இல்லாதது, அந்தக் கைக்கு நீராவி யந்திரத்தோடு பழக்கம் மட்டுமே. அந்தப் பழக்கம் வளர்ந்து, 1899-இல் ஜமால்பூர்ப் பட்டறை தானே ஒரு ரயில் எஞ்சினைச் செய்து வெளியிட்டது. ஆனால் உயர்ந்த பொறுப்புகளுக்குரிய பயிற்சி நெடுங்காலம் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமே பெரும்பாலும் உரியதாக இருந்தது. 'ஸ்பெஷல் கிளாஸ் அப்ரெண்டிஸ்' என்னும் பயிற்சி முறை 1927-இல் ஏற்பட்ட பிறகே இந்திய இளைஞர்களுக்கு அக்கதவு சரிவரத் திறந்தது. பட்டறை தோன்றி அறுபத்தைந்து ஆண்டுகள்! திறமை இல்லாமையால் நேர்ந்த தாமதம் எவ்வளவு, இடம் கொடாமையால் நேர்ந்த தாமதம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வரலாற்றாசிரியனுக்குக் கடினமான வேலை. நம் எண்ணத்தில் பின்னதே பெரிது.

ஜம்ஷெட்பூரிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான். டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி 1907-இல் தோன்றியது. அங்கே முதல் உருக்குக் கட்டி வார்க்கப்பட்டது 1912-இல். உலைகளின் முன் நின்றவர்களில் பொறுப்பான இடங்களில் இருந்தோர் அநேகமாக அயல்நாட்டார். ஒப்பந்தத்தின் பேரில், பெருஞ்சம்பளத்தில் வந்தவர்கள். உருக்குப் பதம் என்பது புத்தகத்தில் அடங்காதது. நீலக் கண்ணாடி வழியே உலைக்குள் நோக்கி, உருகிய உலோகத்தின் நிறத்தையும் கொதிப்பையும் கண்டு 'இப்பொழுது' என்று சொல்லத் தெரிந்தவனே உலைக்கு அதிபதி. அப்பதத்தை அறிந்தவனுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றாலொழிய அது வராது. கம்பெனியார் 1921-இல் ஜம்ஷெட்பூரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியைத் தொடங்கினர். வகுப்பும் உலைக்களமும் மாறி மாறி அமைந்த அப்பள்ளிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர் வந்தனர். 1924-இல் உருக்குத் தொழிலுக்கு அரசாங்கம் பாதுகாப்பு வரி விதித்தபோது, அயல்நாட்டு நிபுணர்களின் இடத்தில் இந்தியர் எவ்வளவு விரைவில் அமர்வர் என்ற கேள்வி பொது விவாதத்துக்கே வந்துவிட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவ்விடங்கள் ஒவ்வொன்றாய்க் கைமாறின.

இனிப் பெங்களூருக்கு வருவோம். நம்மவர் பல தலைமுறைகளாக வேரூன்றிய ஊர் அது. இந்தியாவில் நுட்ப யந்திரத் தொழிலின் பள்ளிக்கூடம் என்று ஓர் ஊரைச் சுட்டச் சொன்னால் அதையே சுட்ட வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் மூண்ட வேளையில், வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு 1940 டிசம்பரில் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையை ஏற்படுத்தினார். விமானம் என்பதையே கண்ணால் பார்த்தறியாத ஊர்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து, அடுத்த ஆண்டிலேயே ஒரு சிறு பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். 1942-இல் அரசாங்கம் நிர்வாகத்தை மேற்கொண்டது. 1943 முதல் அமெரிக்க ராணுவத்தின் விமானங்களைப் பழுது பார்க்கும் பெருங்களமாக அது மாறிற்று. கட்டலினா என்னும் நீர்விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்திறங்கிக் கரையேறின. இன்று அந்த ஏரியைச் சுற்றிக் கண்ணாடி மாளிகைகளைக் காண்போர், அங்கே விமானம் நீந்தியது என்றால் நம்பமாட்டார்கள்.

பழுது பார்ப்பதை நாம் சிறு தொழில் என்று நினைத்துவிடலாகாது. புதிதாய்ச் செய்பவன் தன் பகுதியை மட்டும் அறிந்தால் போதும். பழுது பார்ப்பவனோ பிறர் செய்ததன் கருத்தையும் சேர்த்து அறிய வேண்டியவன். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் பெங்களூரில் பெற்ற அந்தப் படிப்பு வீண்போகவில்லை என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. போர் முடிந்து நேச நாட்டுப் படைகள் திரும்பும்போது, 'லிபரேட்டர்' என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் பலவற்றைக் கான்பூரில், மீண்டும் பறக்கலாகாதபடி சிதைத்துவிட்டுச் சென்றனர். 1948-இல் நம் விமானப்படைக்கு அத்தகைய விமானங்கள் வேண்டியிருந்தன. பெங்களூர்த் தொழிலாளர் கான்பூருக்குச் சென்று, ஒன்றின் உறுப்பை ஒன்றுக்குப் பொருத்தி, பறக்கும் அளவுக்குச் சரிசெய்து, ஏறத்தாழ நாற்பது விமானங்களைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து முற்றும் புதுக்கித் தந்தனர். அவற்றில் சில 1968 வரை சேவையில் இருந்தன. 1951-இல் வி. எம். காட்கே அவர்களின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட எச்.டி.-2 பயிற்சி விமானம் வானில் எழுந்ததும் இதே கைகளின் வேலையே.

ஆனால் விமானம் செய்யவும் யந்திரம் வேண்டும், அந்த யந்திரத்தைச் செய்யவும் யந்திரம் வேண்டும் அல்லவா? தாய் யந்திரங்கள் என்று சொல்லத்தக்க கடைசல் பொறி, துளைப்பொறி முதலியவற்றுக்கு நாம் வெளிநாட்டாரையே நம்பியிருந்தோம். இக்குறையைத் தீர்க்க ஸ்விட்ஜர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, 1953-இல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தோன்றியது. எச்.எம்.டி. என்றால் நம் வீடுகளில் அறியாதவர் இலர். கைக்கடிகாரம் அதன் பிந்திய குழந்தை. மூத்தது லேத்து.

ஸ்விஸ் நாட்டார் இங்கே கொண்டுவந்தவற்றுள் யந்திரங்களின் வரைபடங்களைவிட விலையுயர்ந்தது ஒன்று உண்டு. பயிற்சிக்கூடம் தொழிற்சாலையின் உள்ளேயே, அதன் முதல் கட்டடங்களுள் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே அது. கல்வி வேறு, தொழில் வேறு என்று பிரித்துப் பழகிய நமக்கு அது புதிது. நம் குலத்தொழில்களில் அது பழையது என்று சொல்வோரும் உண்டு. அதுவும் உண்மையே. பொற்கொல்லன் மகன் உலையடியில் கற்றான். ஆனால் அவன் மகனுக்கு மட்டுமே அது வாய்த்தது. பயிற்சிக்கூடத்திலோ கொல்லன் மகனும் குடியானவன் மகனும் ஒரே பலகையின் முன் நின்றார்கள்.

என்ன கற்பித்தார்கள்? முதலில் அரம் பிடிக்கக் கற்பித்தார்கள். மின்சாரத்தால் இயங்கும் பெரிய யந்திரங்களைக் கனவு கண்டு வந்த இளைஞனுக்கு ஒரு முரட்டு இரும்புத் துண்டைக் கொடுத்து, வைஸில் பிடித்து, ஆறு முகமும் சமமாக, மூலைகள் நேராக இருக்கும்படி அரத்தால் தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்த முகத்தின் மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார் ஆசிரியர். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே ஒளிக்கீற்று ஒன்று தெரிந்தால், மறுபடியும் தேய்க்க வேண்டும். ஓர் ஓரத்தைச் சரிசெய்யப்போய் மறு ஓரம் தாழ்ந்துவிடும். அதைச் சரிசெய்வதற்குள் துண்டே குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விடும். பிறகு புதுத் துண்டு. வாரங்கள் செல்லும். உள்ளங்கையில் கொப்புளம் எழுந்து உடைந்து காய்த்துப்போகும். இது வீண் தண்டனை என்று அன்றும் பலர் முணுமுணுத்தார்கள், இன்றும் முணுமுணுக்கிறார்கள்.

அது தண்டனை அன்று. அரம் தேய்க்கும்போதுதான் இரும்பு எவ்வளவு இடம் கொடுக்கும், எங்கே எதிர்க்கும், எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு உதிரும் என்பது கைக்குத் தெரிகிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வெறும் எண்ணாக இராமல், விரல் நுனியில் உணரத்தக்க ஒரு பொருளாக ஆகிறது. பின்னாளில் அவன் கடைசல் பொறியின் சக்கரத்தைத் திருப்பும்போதும், கணிப்பொறியால் இயங்கும் சி.என்.சி. யந்திரத்துக்குக் கட்டளை எழுதும்போதும், வெட்டுளியின் ஓசை மாறியவுடன் திரும்பிப் பார்க்கச் செய்வது இந்த அறிவே. யந்திரம் எவ்வளவு புத்திசாலியாக இருப்பினும், அது தவறு செய்கிறது என்பதைக் கண்டுகொள்ளும் புத்தி பக்கத்தில் நிற்பவனுக்கு வேண்டும்.

இப்பயிற்சிக்கூடங்களில் வேடிக்கையான ஒரு பாஷையும் பிறந்தது. தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் மலையாளிகளும் உருது பேசுவோரும் கலந்து நின்ற இடமாதலால், வினைச்சொல் அவரவர் தாய்மொழியிலும், பெயர்ச்சொல் எல்லாம் தேய்ந்த ஆங்கிலத்திலுமாக ஒரு பேச்சு நிலவியது. 'சக்கு', 'ஜிக்கு', 'டை', 'வைசு' என்பவை எல்லாருக்கும் பொதுச்சொத்து. மொழி தெரியாத மேஸ்திரியிடம் தொழில் கற்ற நம்மவர் எத்தனையோ பேர். கண்ணும் கையுமே அங்கே பாடநூலாக இருந்தன.

தொடக்கத்தில் எச்.எம்.டி. தடுமாறியது. கடினமான ஒரே வகைக் கடைசல் பொறியை மட்டும் செய்ய முற்பட்டதில் செலவு ஏறிற்று. எம். கே. மத்துல்லா அவர்களின் நிர்வாகத்தில் நிலைமை மாறியது. பயிற்சி பெற்ற கைகள் பெருகியதும் உற்பத்தி பெருகியது. தன் ஆதாயத்தைக் கொண்டே பெங்களூரில் இரண்டாவது தொழிற்சாலையை 1961-இல் எழுப்பி நாட்டுக்கு அர்ப்பணித்தது அந்நிறுவனம். பிறகு பிஞ்சோர், களமசேரி, ஹைதராபாத் என்று கிளைகள் விரிந்தன. ஒவ்வோர் இடத்திலும் முதலில் சென்று நின்றவர்களில் பெங்களூரில் அரம் பிடித்தவர்கள் இருந்தார்கள். ஆலைக்குள் பள்ளி வைத்ததன் பலன் இதுதான். ஒரு பள்ளியிலிருந்து நான்கு ஆலைகள் முளைத்தன.

1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு கைக்கடிகாரத் தொழில் தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். சாவி கொடுத்து ஓடும் ஒரு கைக்கடிகாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகள் உள்ளன. அதன் ஊசல் சக்கரத்தின் அச்சு முனை ஏறக்குறைய தலைமயிரின் பருமனே கொண்டது. தலைமயிரைவிட மெல்லிய சுருள்வில்லை இடுக்கியால் எடுத்து, வளையாமல், தூசி படாமல் பொருத்த வேண்டும். இதற்குரிய கைகள் இந்தியாவில் உண்டா என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். சிலர் ஜப்பானுக்குச் சென்று கற்று வந்தார்கள். வந்தவர்கள் பிறருக்குக் கற்பித்தார்கள். பொருத்தும் கூடத்தில் வெள்ளை மேலங்கியணிந்து வரிசையாக அமர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் இளம் பெண்கள். வீட்டை விட்டு வெளியே வேலைக்குச் செல்வதே பேச்சுக்குரியதாக இருந்த காலத்தில், மாதச் சம்பளமும் கையில் ஒரு நுட்பத் தொழிலும் பெற்ற பெண்கள் அவர்கள். அப்பெண்கள் பொருத்திய கடிகாரங்கள் மணமகன்களின் மணிக்கட்டிலும், தேர்வில் வென்ற மாணவர்களின் மணிக்கட்டிலும் ஏறின. ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் ஆகிய இடங்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன.

இதே காலத்தில் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. போர்க்காலத்தில், பிரிட்டனின் தொழிலாளர் மந்திரி எர்னெஸ்ட் பெவின் பெயரால் வழங்கிய திட்டத்தின்கீழ் இந்தியத் தொழிலாளர் சிறு சிறு குழுக்களாய் அந்நாட்டுக்குச் சென்று பயின்றனர். உள்நாட்டிலும் பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன. டாக்டர் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது இப்பயிற்சிகள் அவருடைய இலாகாவைச் சேர்ந்தவை. போர் முடிந்ததும் அந்நிலையங்கள் ஊர் திரும்பிய படைவீரருக்கும், பிரிவினையால் வீடிழந்து வந்தோருக்கும் தொழில் கற்பித்தன. 1950-இல் அவை கைவினைஞர் பயிற்சித் திட்டமாக உருப்பெற்று, இன்று நாம் ஐ.டி.ஐ. என்று வழங்கும் நிலையங்களாயின. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. நிறுவனங்கள் தம்மிடம் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்வது கடமை என்று அது விதித்தது.

ஆசிரியருக்கே பயிற்சி தரும் நிலையம் ஒன்றைப் பிலாஸ்பூரை அடுத்த கோனியில் 1948-லேயே தொடங்கினார்கள் என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மாணவனுக்கு முன்னால் ஆசிரியனைத் தயாரிக்க வேண்டும் என்ற தெளிவு அன்று இருந்தது. இன்று நாட்டில் ஐ.டி.ஐ.க்கள் 14,000-க்கு மேல் உள்ளன. பிட்டர், எலெக்ட்ரீஷியன் பிரிவுகளுக்கே இன்றும் கூட்டம் அதிகம். எண்ணிக்கை பெருகிய வேகத்தில் ஆசிரியர் பெருகவில்லை என்பதும், பல இடங்களில் பழைய யந்திரங்களே பாடத்துக்கு உதவுகின்றன என்பதும் இத்துறையை அறிந்தோர் ஒப்புக்கொள்ளும் குறைகள். அங்கே படித்து வெளிவரும் பிள்ளை, ஆலையில் கணிப்பொறி பொருத்திய யந்திரத்தைக் கண்டு விழிக்கிறான். குறை பிள்ளையினது என்று ஆலை சொல்கிறது. அந்த யந்திரத்தை அவன் முன்பு பார்த்ததேயில்லை. அவன் என்ன செய்வான்?

சட்டம் போட்டதனால் ஆலைகள் பழகுநரை உவந்து ஏற்றன என்றும் சொல்வதற்கில்லை. இன்றைய விதிப்படி முப்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள், தம் ஆட்களில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநரைச் சேர்க்க வேண்டும். 2016-இல் வந்த ஊக்கத் திட்டப்படி உதவித்தொகையில் கால் பங்கை, ஓர் எல்லை வரை, அரசாங்கமே ஏற்கிறது. இருந்தும் தயக்கம் தீரவில்லை. 'நாம் கற்பிப்போம், அடுத்த வாயிலார் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துப்போவார்' என்பது முதலாளியின் அச்சம். 'பழகுநன் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு முழு வேலை வாங்குவார்கள்' என்பது இளைஞனின் அச்சம். இரண்டு அச்சத்துக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. பழைய எச்.எம்.டி.யில் இவ்வச்சங்கள் எழாததற்குக் காரணம் எளியது. பயிற்சி முடிந்தவனுக்கு அங்கேயே வேலை காத்திருந்தது. அவனும் போக நினைக்கவில்லை.

நாணயத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்க்கத்தான் வேண்டும். ஆள் இல்லாமல் ஆலை தவிப்பதைப் பற்றியே பேசுகிறோம். ஆலை இல்லாமல் கை தவித்த கதையும் உண்டு, அதில் நம்மவர் பங்கு பெரிது. கோலார் தங்க வயலில் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறையைத் துளைத்து, வெடி வைத்து, தாங்குகட்டை நிறுத்தி வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். உலகிலேயே கடினமான சுரங்க வேலைகளுள் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த கைகள் அவை. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அந்தத் தேர்ச்சிக்கு அதற்குப் பிறகு சந்தை இல்லை. அதே ஊரில் 1964-இல் தோன்றிய மண்வாரி யந்திரத் தொழிற்சாலை சிலருக்கு இடம் தந்ததுண்டு. பிறரின் மக்கள் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்புகிறார்கள். எச்.எம்.டி. கைக்கடிகாரத்தின் முடிவும் இத்தகையதே. 'குவார்ட்ஸ்' கடிகாரம் வந்தபோது காலத்தோடு திரும்பாமல் பின்தங்கிய அப்பிரிவை மூடுவதென்று 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவு செய்தது. சுருள்வில்லைப் பொருத்திய கைகள் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன.

எனினும் அந்தத் தொழிலறிவு முழுவதும் மறைந்துவிடவில்லை. பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தெற்கே, எல்லை தாண்டியதும் ஓசூர். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984-இல் டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அம்முயற்சிக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் ஐராவதம் மகாதேவன். பிற்காலத்தில் பழந்தமிழ்க் கல்வெட்டு ஆராய்ச்சியால் புகழ்பெற்ற அதே அறிஞர்தான். எச்.எம்.டி.யில் தேர்ந்த பலர் புதிய ஆலைக்கு வந்தார்கள். தொழிலாளராகவோ, அனுபவமற்ற இளம் பிள்ளைகளையே நிறுவனம் நாடியது. தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகளில் படிப்பை முடித்தவர்களை நூற்றுக்கணக்கில் தேர்ந்தெடுத்து, ஓசூருக்குக் கொணர்ந்து, தங்க இடம் தந்து, அடியிலிருந்து பழக்கினார்கள். முன்பு கைக்கடிகாரம் கட்டியே இராத பிள்ளைகள் பலர் அவர்களுள் இருந்திருப்பார்கள். அந்த ஆலையிலிருந்து 2002-இல் 'எட்ஜ்' என்னும் கடிகாரம் வந்தது. மொத்தக் கனம் மூன்றரை மில்லிமீட்டர், உள்ளே ஓடும் பொறியின் கனம் 1.15 மில்லிமீட்டர். உலகிலேயே மெல்லியது என்று அந்நாளில் பெயர் பெற்றது. இங்கும் திறமைக் குறையைத் தீர்த்தது விளம்பரமும் அன்று, சான்றிதழும் அன்று. கற்பிக்கத் தெரிந்தவரையும் கற்க வந்தவரையும் ஒரே கூரையின்கீழ்ச் சில ஆண்டுகள் வைத்திருந்ததே தீர்த்தது.

ஓசூர்ப் பக்கத்தில் இப்பொழுது வேறொரு பெரிய ஆலை இயங்குகிறது. ஐபோன் என்னும் கைப்பேசியின் உறுப்புகளை டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் அங்கே செய்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் வருவது மைக்ரான். தலைமயிர் ஒன்று சுமார் எழுபது மைக்ரான் பருமன். அங்கே பேச்சு மைக்ரான் கணக்கில்தான். 2022 நவம்பரில், ராஞ்சி, ஹஜாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 6,000 பழங்குடிப் பெண்கள் ஓசூரை அடுத்த அந்த ஆலையில் பயிற்சி பெறுவதாக மத்திய மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் தெரிவித்தார்.

இச்செய்தியைப் படித்தபோது நாம் சற்று நின்று யோசித்தோம். நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர் ரயிலேறி, இரண்டு இரவுகள் கழித்து, ஜம்ஷெட்பூரின் உலைகளைத் தேடிப் போனார்கள். இன்று அந்த ஜார்க்கண்டின் பெண்கள் அதே தண்டவாளத்தில் எதிர்த்திசையில் வருகிறார்கள். அன்று அங்கே நம்மவருக்கு இந்தி தெரியாது. இன்று இங்கே அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சோறு பிடிக்காமல், விடுதியில் வீட்டை நினைத்து அழுது, மேற்பார்வையாளரின் பேச்சைக் கண்ணால் படித்து, அவர்கள் தொழில் பழகுகிறார்கள். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது விளக்கம் வேண்டாத அனுபவம். அவர்கள் ஓரிரு ஆண்டில் களைத்து ஊர் திரும்பிவிடுவார்களா, அல்லது பெங்களூரின் கடிகாரப் பெண்களைப் போலத் தொழிலின் உடைமையாளர்கள் ஆவார்களா என்பது, அவர்களுக்கு ஒரே ஒரு அசைவை மட்டும் கற்பிக்கிறார்களா, தொழிலைக் கற்பிக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. ஒரு திருகாணியை நாள் முழுதும் முடுக்குவதற்கு ஒரு வாரப் பயிற்சி போதும். அதைத் தேர்ச்சி என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

2015 முதல் 'ஸ்கில் இந்தியா' என்ற பெயரில் நாடெங்கும் நடைபெறும் பயிற்சிகளில் பல, சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முடிபவை. அவற்றால் பயன் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். வாயிலைக் காட்டுவதற்கு அவை உதவும். ஆனால் அரத்தோடு கழித்த ஓராண்டுக்கு அவை ஈடாகா.

இப்போதைய பேச்செல்லாம் சில்லுகளைப் பற்றியது. சிலிக்கான் தகட்டில் மின்சுற்றுகளைப் பதிக்கும் இத்தொழில் நமக்கு முற்றிலும் புதிது என்பது தவறு. மொஹாலியில் 1976-லேயே செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசாங்க நிறுவனம் தோன்றியது. 1989-இல் நேர்ந்த தீ விபத்து அதை முடக்கிப் போட்டது. ஆட்கள் சிதறினார்கள். ஒரு தலைமுறையின் பழக்கம் அதோடு அறுந்தது. கட்டடத்தைத் திரும்ப எழுப்பலாம், அறுந்த பழக்கத்தை எழுப்புவது அவ்வளவு எளிதன்று. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாயில் இதற்கென ஒரு திட்டம் வகுத்தது. குஜராத்தின் தோலேராவில், தைவானின் பவர்சிப் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு, 91,000 கோடி ரூபாய் மதிப்பில் டாட்டா எழுப்பும் ஆலைக்கும், அஸ்ஸாமின் ஜாகிரோடில் 27,000 கோடி ரூபாய் மதிப்பில் எழுப்பும் ஆலைக்கும் 2024 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது.

சில்லு ஆலையின் தூய அறைக்குள் நுழைபவர் தலைமுதல் கால்வரை மூடிய உடை அணிகிறார். மூச்சில் வரும் துகள்கூடத் தகட்டைக் கெடுத்துவிடும். அங்கே அரம் இல்லை. மனிதக் கை தகட்டைத் தொடுவதேயில்லை. ஆயினும் நூற்றுக்கணக்கான படிகளில் ஏதோ ஒன்றில் வாயுவின் அழுத்தம் சிறிது பிசகியதை முதலில் ஐயுறுபவர், எந்த யந்திரம் எப்பொழுது களைக்கும் என்று அறிந்த அனுபவசாலியே. அத்தகையவர் கல்லூரியிலிருந்து நேரே வருவதில்லை. ஓடும் ஆலை ஒன்றில் சில ஆண்டுகள் நின்றவரே அவ்வாறு ஆவார். அதனால்தான் நம் பொறியியலாளரைத் தைவானுக்கு அனுப்பிப் பழக்குகிறார்கள். சிட்டிசன் ஆலைக்குச் சென்று இடுக்கி பிடிக்கக் கற்று வந்தவர்களின் வரிசையில் இவர்கள் அடுத்தவர்கள். அன்று சென்றவர்கள் திரும்பி வந்தவுடன் அவர்களுக்கென ஒரு பயிற்சிக்கூடம் பெங்களூரில் காத்திருந்தது, கற்க வந்த பிள்ளைகளும் காத்திருந்தார்கள். தோலேராவிலும் ஜாகிரோடிலும் அத்தகைய கூடங்கள் ஆலையின் மதிலுக்கு உள்ளே அமையப்போகின்றனவா, வெளியே அமையப்போகின்றனவா என்பதைத்தான் நாம் இனிப் பார்க்க வேண்டும்.